ஜெல்லில் ஒன்றுமே தெரியாத நாளுக்கு

அன்பு மகளுக்கு,

டிஎன்ஏவைப் பெருக்கப் பிசிஆர் போட்டு, வந்ததா என்று பார்க்க ஜெல் ஓட்டினேன், ஒன்றுமே வரவில்லை, திரும்பவும் முதலிலிருந்து செய்யப் போகிறேன் என்று எழுதியிருந்தாய். செய்வதற்கு முன் அந்தப் படத்தை இன்னொரு முறை எடுத்துப் பார். ஒப்பிடுவதற்காக ஓட்டும் அளவு தெரிந்த டிஎன்ஏவான லேடர் தெரிந்ததா இல்லையா? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

லேடரும் தெரியவில்லை என்றால் பிசிஆரைத் திட்டாதே, தப்பு ஜெல்லில்தான். டிஎன்ஏவை ஒளிரவைக்கும் எத்திடியம் புரோமைடு சேர்க்க மறந்திருக்கலாம். வயரை மாற்றிச் செருகியிருக்கலாம். டிஎன்ஏவுக்கு எதிர் மின்னூட்டம் என்பதால் அது நேர்முனையான சிவப்பை நோக்கித்தான் ஓடும். ஆகவே மாதிரியை விடும் குழிகளான கிணறுகள் கறுப்பு வயர் பக்கம் இருக்க வேண்டும். மாறிப்போனால் மாதிரி பின்பக்கமாக ஓடி ஜெல்லை விட்டே வெளியேறிவிடும். ஜெல் மூழ்கியிருக்கும் பஃபரான டிஏஈயின் ஐம்பது மடங்கு செறிவான 50எக்ஸ் ஸ்டாக்கிலிருந்து ஒரு லிட்டர் 1எக்ஸ் தயாரிக்க 20 மில்லி ஸ்டாக்கும் 980 மில்லி தண்ணீரும் வேண்டும். ஸ்டாக்கை ஊற்ற மறந்தால் டிஎன்ஏ கிணற்றை விட்டு நகரவே நகராது. நீர்க்காமல் அப்படியே ஊற்றினால் மின்னோட்டம் எகிறி ஜெல்லே உருகிவிடும்.

லேடர் பளிச்சென்று இருந்து உன் மாதிரி ஓடிய லேன் மட்டும் காலியா? அப்போது, நிச்சயம் வேலை செய்யும் என்று தெரிந்த டிஎன்ஏவைப் போட்ட பாசிட்டிவ் கன்ட்ரோலைப் பார். அதில் பேண்ட் (டிஎன்ஏ கோடு) இருந்தால் உன் கலவை சரி, டெம்ப்ளேட்தான், அதாவது நகலெடுக்கக் கொடுத்த உன் டிஎன்ஏதான் கோளாறு. பிரித்தெடுத்த டிஎன்ஏவில் எத்தனால் மிச்சம் இருந்தாலும், புரதம் கலந்து 260, 280 நானோமீட்டரில் ஒளி உறிஞ்சும் விகிதம் (260/280) 1.8க்குக் கீழே இருந்தாலும் நொதி தடுமாறும். டெம்ப்ளேட் போதவில்லை என்று நினைத்து எல்லோரும் இரண்டு மடங்கு ஊற்றுவார்கள். அதோடு தடுப்புப் பொருளும் இரண்டு மடங்கு உள்ளே போகும். நீ பத்து மடங்கு நீர்த்துப் போட்டுப் பார், பல நேரம் அதில்தான் பேண்ட் வரும்.

பாசிட்டிவ் கன்ட்ரோலும் காலி என்றால் ஏதோ ஒன்று குழாய்க்குள் போகவே இல்லை. 25 மைக்ரோலிட்டர் வினைக்கான கணக்கு இது: 10எக்ஸ் பஃபர் 2.5, 10 மில்லிமோலார் டிஎன்டிபி (டிஎன்ஏவின் கட்டுமானத் துண்டுகள்) 0.5, 10 மைக்ரோமோலார் பிரைமர் (நகல் தொடங்கும் இடத்தைக் காட்டும் சிறு டிஎன்ஏ) இரண்டும் தலா 0.5, டெம்ப்ளேட் 1, நகலெடுக்கும் டாக் நொதி 0.125, மீதி 19.875 தண்ணீர். அந்த 0.125ஐ எந்தப் பிப்பெட்டாலும் நம்பி எடுக்க முடியாது. அதனால்தான் எல்லாக் குழாய்க்கும் சேர்த்து ஒன்றாகக் கலக்கும் மாஸ்டர் மிக்ஸ். எட்டுக் குழாய் வேண்டுமென்றால் பத்துக்குக் கலக்கு, நொதி 1.25 ஆகிவிடும். அது கிளிசராலில் இருப்பதால் தேன் மாதிரி கனமாக இருக்கும். டிப்பை ஆழமாக அமுக்கினால் வெளிப்புறத்தில் ஒட்டிக்கொண்டு அளவு கூடிப்போகும். நுனியை மேற்பரப்பில் தொட்டும் தொடாமலும் வைத்து மெதுவாக உறிஞ்ச வேண்டும். கலவையில் விட்டதும் அடியில் போய்ப் படியும், நன்றாகக் கலக்காமல் பங்கிட்டால் ஒரு குழாயில் பேண்ட் வரும், பக்கத்துக் குழாயில் வராது.

பிப்பெட்டையும் ஒருமுறை சோதித்துவிடு. உறிஞ்சும்போது முதல் நிறுத்தம் வரைதான், வெளியேற்றும்போது இரண்டாவது வரை. உறிஞ்சும்போதே இரண்டாவது வரை அமுக்கும் பழக்கம் உனக்கு இருக்கிறதோ என்று ஒரு சந்தேகம். 100 மைக்ரோலிட்டர் தண்ணீர் 0.1 கிராம். தராசில் பத்து முறை விட்டுப் பார், கை எப்படி என்று அதுவே சொல்லிவிடும்.

அடுத்து, பிரைமர் டிஎன்ஏவில் ஒட்டும் வெப்பநிலை விஷயம். 20 எழுத்துப் பிரைமரில் ஜி, சி எழுத்துகள் பத்து, ஏ, டி எழுத்துகள் பத்து என்றால், முன்னவற்றுக்குத் தலா நான்கு டிகிரி, ஆக நாற்பது, பின்னவற்றுக்குத் தலா இரண்டு, ஆக இருபது, ஆக உருகுநிலை 60. ஐந்து குறைத்து 55இல் தொடங்கு. பேண்டே இல்லையென்றால் இரண்டு மூன்று டிகிரி இறக்கு, வேண்டாத பேண்டுகள் வந்தால் ஏற்று. நீட்டிப்புக்கு 72 டிகிரியில் ஆயிரம் எழுத்து நீளத்துக்கு ஒரு நிமிடம்.

டெம்ப்ளேட்டுக்குப் பதில் தண்ணீர் விட்ட நெகட்டிவ் கன்ட்ரோலை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் விடாதே. 30 சுழற்சியில், கணக்குப்படி, ஒரு மூலக்கூறு நூறு கோடியைத் தாண்டும். டிப்பின் ஓரத்தில் ஒட்டிய துளியே போதும். தண்ணீர் விட்ட குழாயிலும் பேண்ட் வந்தால் அன்றைய முடிவுகள் அத்தனையும் குப்பைக்குத்தான், அழகாக வந்தவையும் சேர்த்து.

கரைசல் கணக்கில் தடுமாறுகிறேன் என்றாயே, எனக்கு அதுதான் பெரிய கவலை. நொதியின் பெயரைப் புத்தகத்தில் பார்த்துக்கொள்ளலாம், கணக்கு கையில் இருந்தாக வேண்டும். 1 மோலார் டிரிஸ் 500 மில்லி வேண்டுமா? அதன் மூலக்கூறு எடை 121.14இல் பாதி, 60.57 கிராம். 400 மில்லியில் கரைத்து, பிஹெச் சரிசெய்து, பிறகுதான் 500க்கு நிரப்பு. சூடாக இருக்கும்போது பிஹெச் பார்க்காதே. ஒரு டிகிரி ஏறினால் டிரிஸின் பிஹெச் 0.03 அளவுக்கு இறங்கும். ஈடிடிஏ தூள் கரையவில்லை என்று தண்ணீரை ஊற்றிக்கொண்டே போகிறவர்களைப் பார்த்தால் பாவமாக இருக்கும். சோடியம் ஹைட்ராக்சைடு சேர்த்துக்கொண்டே வா, பிஹெச் 8ஐ நெருங்கும்போது அந்த வெள்ளைக் கலங்கல் தானாகத் தெளியும்.

பாக்டீரியா வளர்க்கும் அகார் தட்டில் சேர்க்கும் நுண்ணுயிர்க்கொல்லி ஆம்பிசிலின். அதன் ஸ்டாக் மில்லிக்கு 100 மில்லிகிராம், தட்டில் வேண்டியது மில்லிக்கு 100 மைக்ரோகிராம். ஆயிரம் மடங்கு, ஆக 200 மில்லி அகாருக்கு 200 மைக்ரோலிட்டர். நீராவியில் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவிலிருந்து அகாரை எடுத்த உடனே ஊற்றினால் மருந்து சிதைந்துவிடும், 50 டிகிரிக்கு ஆறட்டும். தட்டுகளை இன்குபேட்டரில் 16 மணி நேரத்துக்கு மேல் விடாதே. பெரிய காலனியைச் சுற்றிப் பொடிப்பொடியாக முளைப்பவற்றில் மருந்தை எதிர்க்கும் ஜீனைச் சுமக்கும் சிறு வட்ட டிஎன்ஏவான பிளாஸ்மிட் இருக்காது. பெரியது வெளியே விடும் நொதி சுற்றியுள்ள மருந்தை அழித்துவிடும், அந்த நிழலில் பிழைத்தவை அவை. அவற்றை எடுத்து வளர்த்தால் பிளாஸ்மிட்டைப் பிரித்தெடுக்கும் மினிபிரெப்பில் ஒன்றும் வராது.

உயிரிகளைப் பெரிய கலனில் வளர்க்கும் பயோபிராசஸ் பாடம் போரடிக்கிறது என்று தள்ளிவைத்திருக்கிறாய். எனக்கு அது தப்பாகப் படுகிறது, பட்டத்திலேயே சரக்குள்ள பாடம் அதுதான். 25 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீரில் காற்றிலிருந்து கரையும் ஆக்சிஜன் சுமார் 8 மில்லிகிராம்தான். அடர்ந்து வளர்ந்த ஈ.கோலை பாக்டீரியா அதை ஒரு நிமிடத்துக்குள் தீர்த்துவிடும். சர்க்கரை எவ்வளவு கொட்டினாலும் மூச்சு முட்டினால் வளர்ச்சி நின்றுபோகும். 250 மில்லி குடுவையில் 50 மில்லி மட்டும் ஊற்றிக் குலுக்குவது இதற்காகத்தான். 1 லிட்டர் கலனை அதே வடிவத்தில் 1000 லிட்டராக்கினால் கொள்ளளவு ஆயிரம் மடங்கு, வெப்பம் வெளியேறும் பரப்போ நூறு மடங்குதான். குடுவையில் சமத்தாக இருந்த உயிரி பெரிய கலனில் முரண்டு பிடிப்பது ஏன் என்பதை அங்கிருந்து யோசித்துப் பார், பாடம் தானாகப் பிடித்துப்போகும்.

புள்ளியியலில் ஒன்றே ஒன்று. ஒரே வளர்ப்பிலிருந்து எடுத்ததை மூன்று கிணற்றில் போட்டால் அது மூன்று மாதிரி ஆகாது, ஒன்றுதான். தனித்தனியாக வளர்த்த மூன்று வளர்ப்பு இருந்தால்தான் மூன்று என்று எழுதலாம். ரெக்கார்ட் நோட்டைச் செய்யும்போதே எழுது, இரவு அறைக்குப் போய் வேண்டாம். தவறாக 5 விட்டிருந்தால் 5 என்றே எழுது, நெறிமுறையில் இருக்கும் 2.5ஐ அல்ல.

ஜெல் படத்தை அனுப்பு. எந்த லேனில் என்ன போட்டாய் என்ற வரிசையும் கூடவே வேண்டும், அது இல்லாமல் எனக்கும் ஒன்றும் புரியாது.

அம்மா