துவாஸ் வெறும் ஊதா நிறமல்ல

சிங்கப்பூரின் நிலத் திட்டங்களை வரையும் அதிகாரிகளுக்கு,

வணக்கம். தீவின் மேற்கு முனையில், ஆலைகள் நிறைந்த துவாஸ் பக்கம் 19 ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். இப்போது பாதுகாப்பு மேற்பார்வையாளர். வீடு ஜூரோங் வெஸ்ட்டில். எந்த நிலம் எதற்கு என்று நிறம் பிரித்துக் காட்டும் பெருந்திட்ட வரைபடத்தை அவ்வப்போது திறந்து பார்ப்பது என் பழக்கம். (வீட்டில் இதற்காகக் கிண்டல் உண்டு.) மேற்கு முனை முழுக்க ஊதா. ‘பிசினஸ் 2’, அதாவது குடியிருப்பிலிருந்து 50 மீட்டருக்கும் மேல் தள்ளி வைக்க வேண்டிய கனரகத் தொழில்களுக்கான நிலம்.

தள்ளி வைத்ததில் எனக்குக் குறை இல்லை. ஏழு தீவுகளைக் கடலைத் தூர்த்து இணைத்து, ஜூரோங் தீவு என்று ஆக்கி, ரசாயன ஆலைகளை அங்கே கொண்டுபோனது கெட்டிக்காரத்தனம்தான். என் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுச் சன்னலைத் திறந்து வைத்து நிம்மதியாகத் தூங்குகிறேன். வீட்டில் இருப்பவருக்கு ஆலை எவ்வளவு தூரம் என்று அளந்துவிட்டீர்கள். ஆலையில் இருப்பவருக்கு ஒரு வாய்ச் சோறு எவ்வளவு தூரம்?

எங்கள் தளத்தில் மதியச் சாப்பாடு விடியற்காலை ஐந்தரைக்கே வந்துவிடும். காலையில் பசியாற ஒரு பொட்டலம், மதியத்துக்கு ஒரு பொட்டலம், இரண்டும் ஒரே பையில். எறும்பு ஏறாமலிருக்கப் பையை வேலிக் கம்பியில் மாட்டி வைப்பார்கள். பன்னிரண்டு மணிக்குப் பிரித்தால் சோறு விறைத்திருக்கும், பருப்பு நுரைத்திருக்கும். அறந்தாங்கித் தம்பி ஒருவர் முகர்ந்து பார்த்துவிட்டு, “அண்ணே, குழம்பு ஊசிப்போச்சு. ஊறுகாய் இருக்கா?” என்பார். பிசைந்து தின்றுவிட்டு, லாரி நிழலில் அட்டையை விரித்துப் படுப்பார். கேட்டரிங்காரரைத் திட்டி என்ன பயன்? ஒரே லாரியில் பத்துத் தளங்களைச் சுற்ற வேண்டியவர். பக்கத்துக் காப்பிக்கடைக்கு நடந்து போய்வர நாற்பது நிமிடம். இடைவேளையே ஒரு மணி நேரம்.

புதிதாக எதையும் கேட்கவில்லை. 1961ல் ஜூரோங் சதுப்பு நிலத்தில் தொழிற்பேட்டை தொடங்கியபோது, அப்போதைய நிதியமைச்சர் டாக்டர் கோ கெங் சுவீயின் மடத்தனம் என்று சிரித்தார்கள். ஆலைகள் வந்தும் ஆட்கள் அங்கே குடிவரத் தயங்கினார்கள். அதனால் 1968ல் உருவான ஜூரோங் நகராண்மைக் கழகம் ஆலையோடு நிறுத்திக்கொள்ளவில்லை. 1971ல் பறவைப் பூங்கா, 1973ல் ஜப்பானியத் தோட்டம், 1975ல் சீனத் தோட்டம். காரில் உட்கார்ந்தே படம் பார்க்கும் திரையரங்குகூட அந்தப் பக்கம் வந்தது. (பறவைகள் 2023ல் மண்டாய்க்குக் குடிபோனது வேறு கதை.) அன்றைய தொழிலாளி ‘வரமாட்டேன்’ என்று சொல்ல முடிந்தது, பூங்கா வந்தது. இன்றைய தம்பி ஏஜென்டுக்குக் கட்ட வாங்கிய கடனோடு வருகிறார், எங்கே அனுப்பினாலும் போவார். துவாசுக்கு ஒரு தோட்டமும் வராததற்கு இதுதான் காரணமோ என்று சில நாள் கசப்பாக நினைத்துக்கொள்வேன்.

ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்லமாட்டேன். 2017ல் ரயில் துவாஸ் லிங்க் வரை வந்தது. பெஞ்சுருவில் வெளிநாட்டு ஊழியர்களுக்கான பொழுதுபோக்கு மையம் இருக்கிறது, புதிய விடுதிகளில் அறைக்கு 12 பேர்தான். ஆனால் மையம் ஞாயிற்றுக்கிழமைக்கு. நான் சொல்வது செவ்வாய்க்கிழமை மதியத்தை.

இன்னும் ஆட்கள் வரப்போகிறார்கள். தஞ்சோங் பகார், கெப்பல், பிரானி துறைமுக முனையங்களின் வேலை 2027க்குள் துவாசுக்கு மாறுகிறது. காலியாகும் தென்கரையில் வீடும் பூங்காவும் வரும் என்கிறீர்கள். சந்தோஷம். துறைமுகம் வந்து இறங்கும் கரைக்கும் அதில் கொஞ்சம் வரட்டுமே.

20, 30 ஆண்டுக் குத்தகையில் இருக்கும் கம்பெனி தன் வேலிக்கு வெளியே மரம் நடாது. மனை பிரிக்கும்போதே நீங்கள்தான் ஒதுக்க வேண்டும். பத்து நிமிட நடையில் சுடச்சுடச் சமைக்கும் உணவங்காடி ஒன்று. பேருந்து நிறுத்தத்திலிருந்து ஆலை வாயில் வரை கூரை போட்ட நடைபாதை. இவ்வளவுதான்.

எங்கள் தளத்துக்கு எதிரே ஒரு மனை மூன்று ஆண்டுகளாகக் காலி; லாலான் புல் இடுப்பளவு நிற்கிறது. அதன் ஊதா நிறத்தை மாற்ற யாரிடம், எந்தப் படிவத்தில் எழுத வேண்டும் என்று சொல்லுங்கள். கையெழுத்துப் போட எங்கள் தளத்திலேயே அறுபது பேர் இருக்கிறார்கள்.

இப்படிக்கு,
துவாசிலிருந்து ஒரு பாதுகாப்பு மேற்பார்வையாளர்