சோற்றோடு சமையலும்

ஆசிரியர் அவர்களுக்கு,

2022இல் காஸ் சிலிண்டருக்காக விடியவிடிய வரிசையில் நின்ற நாட்களில், கொட்டாஞ்சேனையில் எங்கள் தெருமுனை மண்டபத்தில் ஒரு பொதுச் சமையலறை தொடங்கினார்கள். விறகடுப்பில் சோறு, பருப்பு, ஒரு கீரை. அந்த செப்டெம்பரில் கொழும்பின் உணவுப் பணவீக்கம் 94.9 வீதம். நிலைமை கொஞ்சம் தெளிந்ததும் மூடிவிடுவார்கள் என்றுதான் நினைத்தேன். மூடவில்லை. இப்போது சனிக்கிழமைகளில் அங்கே சமையல் வகுப்பு நடக்கிறது.

எனக்கு அறுபது வயது, இனி என்ன படிக்க என்று போனேன். மரவள்ளியைத் தோல் சீவி, வெட்டி ஊறவைத்து, மூடாமல் அவித்து அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டுமாம். அதிலுள்ள நஞ்சு அப்படித்தான் போகும். அம்மா சட்டியைத் திறந்து வைத்ததன் காரணம் அன்றுதான் விளங்கியது. முருங்கையிலை வறை, நெத்தலிச் சொதி, குரக்கன் ரொட்டி எல்லாம் மலிவான சாமான்களில். சிங்கள அக்கா ஒருவர் பலாக்கொட்டைக் கறி காட்டினார். மனைவியை இழந்த பக்கத்து வீட்டு ஐயா முதல்முறையாகச் சொதி வைத்தார். உப்புக் கூடிவிட்டது, அது வேறு கதை.

இந்தச் சமையலறையில் காஸுக்கும் தேங்காய்க்கும்தான் தட்டுப்பாடு. மாநகர சபையின் சனசமூக மண்டபங்கள் பல பகலில் பூட்டியே கிடக்கின்றன. அவற்றில் ஒன்றிரண்டையாவது, தண்ணீர், மின்சாரக் கட்டணம் இல்லாமல், இத்தகைய சமையலறைகளுக்குத் திறந்து விடுவார்களா?

கொட்டாஞ்சேனை வாசகி
கொழும்பு 13