பார்த்து வரைந்தால் குற்றமா?

பெருமதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற மாதம் எங்கள் பேராக் மாநிலச் சுங்கை சிப்புட்டில் நடந்த மாணவர் ஓவியப் போட்டியில் கண்ட ஒன்றை எழுதாமல் இருக்க மனம் ஒப்பவில்லை. ஆறாம் ஆண்டு படிக்கும் பையன் ஒருவன், தன் பாட்டி ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய (மரப்பட்டையைக் கீறிப் பால் எடுத்த) காலத்தை வரைந்திருந்தான். மூன்று சுழி மூக்கு, கலைந்த தலைமுடி, குறும்பான கோடு. மலேசியக் கேலிச்சித்திரக் கலைஞர் லாட்டின் பாணி என்று பார்த்ததுமே தெரிந்தது. நடுவர்களில் ஒருவர், "இது லாட்டைப் பார்த்துக் காப்பி அடித்தது" என்று சொல்லி ஒதுக்கிவிட்டார். பையன் ஒன்றும் பேசாமல் தாளைச் சுருட்டிக்கொண்டான்.

"தம்பி, கொஞ்சம் காட்டுப்பா" என்று வாங்கிப் பார்த்தேன். பாட்டியின் தலையில் கட்டிய விளக்கு. இடுப்பில் தொங்கும் கொசுவர்த்திச் சுருள். மரத்துக் கம்பியில் ஒருபக்கமாகச் சாய்ந்த கோப்பை, அதன் பாலில் விழுந்து கிடக்கும் ஓர் இலை. "இதெல்லாம் பாட்டிகிட்ட கேட்டுக் கேட்டு வரைஞ்சேன் அங்கிள்" என்றான். இதை எந்தப் புத்தகத்தைப் பார்த்துக் காப்பி அடிப்பது?

டத்தோ லாட்டும் நம் பேராக் மண்ணின் பிள்ளைதான். சிறுவயதில் ராஜா ஹம்சாவின் சித்திரக் கதைகளில் மனதைப் பறிகொடுத்தவர். ரெஜப்ஹாட் என்ற மூத்த கலைஞர் அவருக்கு வழிகாட்டியாக இருந்தார். அப்படிப் பழகித்தான் 13 வயதிலேயே முதல் புத்தகம் கண்டார்.

நான் 25 ஆண்டுகளாகக் கடைப் பலகை எழுதிப் பிழைப்பவன். எனக்குக் கோடு கற்றுக்கொடுத்தது கேப்டன் டைகர். மாமா தமிழ்நாட்டுக்குப் போய் வந்தபோது வாங்கி வந்த காமிக்ஸ் அது. மட்டமான தாள், கறுப்பு வெள்ளை அச்சு. ஆனாலும் தொப்பி விளிம்பின் நிழல் முகத்தில் விழும் இடத்தைத் தூரிகையின் ஒரே இழுப்பில் கொண்டு வந்திருப்பார் அந்த ஓவியர். மெல்லியதாகத் தொடங்கி, தாடையருகே தடித்து, கழுத்தில் கரைந்துபோகும் அந்தக் கறுப்பு! பழைய காலண்டர்த் தாளின் பின்பக்கத்தில் எத்தனை இரவு அதைப் போட்டுப் பார்த்திருக்கிறேன்! இன்றும் பலகையில் 'க' எழுதும்போது அந்த இழுப்பு என் மணிக்கட்டில் வருகிறது.

அந்த ஓவியர் பிரான்சு நாட்டு ஜான் ஜிரோ. அவருக்கும் ஒரு குரு உண்டு என்று பின்னால்தான் தெரிந்துகொண்டேன். ஜிஜே என்ற பெயரில் வரைந்த பெல்ஜியக் கலைஞர் அவர். 1961இல் ஜிஜேயின் ஜெர்ரி ஸ்பிரிங் கதை ஒன்றுக்கு மை தீட்டும் வேலையில் இளைஞர் ஜிரோ உட்கார்ந்தார். இரண்டு ஆண்டு கழித்து, சார்லியே என்ற கதாசிரியர் ஒரு கௌபாய் தொடருக்கு ஓவியர் தேடியபோது, ஜிஜே தன் சீடனைக் கைகாட்டினார். அப்படி 1963இல் பிறந்ததுதான், அங்கே புளூபெரி என்றும் நமக்கு டைகர் என்றும் பெயர் பெற்ற தொடர். தொடக்கக் கதைகளில் ஜிரோ ஊரில் இல்லாதபோது சில பக்கங்களை ஜிஜேயே வரைந்து கொடுத்திருக்கிறார். குருவின் கை அவ்வளவு இயல்பாகச் சீடனின் கதைக்குள் பொருந்தியது. அதைக் காப்பி என்று யாரும் தூக்கிப் போடவில்லை. அதே ஜிரோ பிற்பாடு மோபியஸ் என்ற பெயரில், ஜிஜேயின் சாயலே இல்லாத கனவுலகச் சித்திரங்களை வரைந்தார். ஜப்பானின் அனிமேஷன் பட இயக்குநர் மியாசாகி, தன்மீது அவருடைய தாக்கம் உண்டு என்று சொல்லியிருக்கிறார்.

முதல் நாளே சொந்தப் பாணி வேண்டும் என்று 12 வயதுப் பிள்ளையிடம் எப்படிக் கேட்பது? கட்டத்துக்குக் கட்டம் அப்படியே ஈயடித்தால் கண்டிக்கலாம், நானும் கண்டிப்பேன். ஆனால் கோட்டை ஒருவரிடமும் வாழ்க்கையைத் தன் வீட்டிலிருந்தும் எடுத்தவனை அதே தராசில் நிறுத்தியது அநியாயம்.

தங்கள் மாணவர் பக்கத்தில் வரும் ஓவியங்களுக்குக் கீழே, பிள்ளையின் பெயரோடு "யாரைப் பார்த்துப் பழகினேன்" என்று ஒரு வரியும் சேர்த்துப் போட வேண்டுகிறேன். பிள்ளைகள் மறைக்க வேண்டிய அவசியம் இருக்காது.

பையனின் அம்மாவிடம் கேட்டு, ஓவியத்தின் நகலை இத்துடன் அனுப்பியுள்ளேன். அச்சில் சிறிதாக்கினாலும் அந்தக் கோப்பையில் கிடக்கும் இலை தெரியும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
கடைப் பலகை எழுதும் வாசகன்,
சுங்கை சிப்புட், பேராக்.