வீட்டுக்கடன் ஆய்வறிக்கையைக் கடன்தாரருக்கு வழங்கவும், மறைக்கப்பட்ட குறைபாடுகளுக்குக் கடன் நிறுவனங்களைப் பொறுப்பாக்கவும் கோரும் மனு

பெறுநர்
செயலாளர் அவர்கள்,
நிதிச் சேவைகள் துறை, நிதி அமைச்சகம்,
இந்திய அரசு, புது தில்லி.

பொருள்: கடன் வழங்கும் நிறுவனம் அறிந்திருந்தும் தெரிவிக்காத கட்டடக் குறைபாடுகளுக்கு அந்நிறுவனத்தையும் பொறுப்பாக்குதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். வீட்டுக்கடனுக்கு ஒப்புதல் அளிக்கும் முன்னர், வங்கிகளும் வீட்டுவசதி நிதி நிறுவனங்களும் தங்கள் பட்டியலில் உள்ள மதிப்பீட்டாளரை அனுப்பி அந்த வீட்டை ஆய்வு செய்கின்றன. அதற்கான கட்டணம் பெரும்பாலும் கடன்தாரரிடமே வசூலிக்கப்படுகிறது. அறிக்கையோ வங்கியின் கோப்போடு நின்றுவிடுகிறது. பணம் கட்டியவர், தாம் வாங்கப்போகும் வீட்டைப் பற்றி அதில் என்ன எழுதப்பட்டுள்ளது என்று அறியாமலேயே கிரயப் பத்திரத்தில் கையெழுத்திடுகிறார்.

மறுவிற்பனையில் நான் வாங்கிய அடுக்குமாடி வீட்டில், குடியேறிய பின் தூண்களின் பூச்சு பெயர்ந்து, துருவேறி உப்பிய கம்பிகள் வெளியே தெரிந்தன. விற்பனைக்கு முன் பூசப்பட்ட புதுப்பூச்சும் வண்ணமும் அவற்றை மறைத்திருந்தன. கடன் கொடுத்த வங்கியிடம் ஆய்வறிக்கையின் நகலைக் கேட்டதற்கு, அது உள் ஆவணம், தர இயலாது என்று பதில் வந்தது. மதிப்பீட்டாளர் அதைக் கவனிக்கவே இல்லையா, கவனித்தும் எழுதாமல் விட்டாரா, அவர் எழுதியதை வங்கி பொருட்படுத்தவில்லையா என்பதை அறிய எனக்கு வழியில்லை. மாதத் தவணை மட்டும் தவறாமல் பிடிக்கப்படுகிறது.

1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றச் சட்டம், பிரிவு 55, வாங்குபவர் சாதாரணக் கவனத்தால் கண்டறிய முடியாததும் தாம் அறிந்ததுமான முக்கியக் குறைபாட்டை வெளிப்படுத்தும் கடமையை விற்பவர் மீது சுமத்துகிறது. 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம், பிரிவு 14, வீட்டை ஒப்படைத்த 5 ஆண்டுகளுக்குள் சுட்டிக்காட்டப்படும் கட்டமைப்புக் குறைபாட்டை 30 நாட்களுக்குள் செலவு வாங்காமல் சரிசெய்யும்படி கட்டுநருக்கு ஆணையிடுகிறது. இவ்விரு பிரிவுகளிலும் கடன் கொடுப்பவரைப் பற்றிய பேச்சே இல்லை. 30 லட்சம் ரூபாய் வரையிலான கடனில் வீட்டு மதிப்பில் 90 விழுக்காடு வரை வழங்க ரிசர்வ் வங்கி அனுமதிக்கும் நிலையில், அந்த வீட்டின் தரத்தை வாங்குபவரைவிட நெருங்கி ஆராய்ந்த நிறுவனம் வாய் திறக்காமல் இருக்கலாம் என்பது நியாயமாகாது.

ஆய்வு அடமானத்தின் மதிப்பை அறிவதற்கு மட்டுமே என்று வங்கிகள் கூறக்கூடும். இதே வாதத்தை, அக்காலத்தில் இங்கிலாந்தின் உச்ச மேல்முறையீட்டு மன்றமாக இருந்த பிரபுக்கள் சபை 1989இல் ஸ்மித் எதிர் எரிக் எஸ். புஷ் வழக்கில் எடைபோட்டது. கீழ்ப்பகுதி அகற்றப்பட்ட புகைபோக்கிக்கு மேலே தாங்கல் இருக்கிறதா என்று பார்க்கத் தவறிய மதிப்பீட்டாளர், கடன் நிறுவனத்தால் அமர்த்தப்பட்டவராயினும், தம் அறிக்கையை நம்பி வீடு வாங்கியவருக்கும் கடமைப்பட்டவரே என்றும், அறிக்கையில் இருந்த பொறுப்புத் துறப்பு வாசகம் அவரைக் காப்பாற்றாது என்றும் அது தீர்ப்பளித்தது. அங்கே வாங்கியவரின் கையில் அறிக்கையின் நகலாவது இருந்தது.

எல்லா விரிசலுக்கும் வங்கி உத்தரவாதம் தர வேண்டும் என்று நான் கேட்கவில்லை. அவ்வாறு கேட்டால் பழைய வீடுகளுக்குக் கடனே கிடைக்காமல் போகும். ஆய்வறிக்கையின் முழு நகலும் கிரயப் பதிவுக்கு முன்னரே கடன்தாரருக்குக் கட்டாயமாக வழங்கப்பட வேண்டும். அதில் பதிவான குறைபாட்டை மறைத்துக் கடன் தந்த நிறுவனம் பழுதுபார்ப்புச் செலவில் பங்கேற்க வேண்டும். மதிப்பீட்டாளரின் வெளிப்படையான கவனக்குறைவுக்கு அவரை அமர்த்திய நிறுவனமும் பதில் சொல்ல வேண்டும். முழுக்கடனும் அடைக்கப்பட்ட 30 நாட்களுக்குள் அசல் பத்திரங்களைத் திருப்பித் தராவிட்டால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு என்று 2023இல் ரிசர்வ் வங்கி விதித்திருப்பதால், கடன் நிறுவனங்கள் மீது இத்தகைய பொறுப்பைச் சுமத்துவது புதிய வழக்கமும் அன்று.

ஆகவே, இதற்குரிய வழிகாட்டு நெறிகளை வெளியிட ரிசர்வ் வங்கியைக் கேட்டுக்கொள்ளுமாறும், இம்மனுவின் மீது எடுக்கப்படும் நடவடிக்கையை எனக்கு எழுத்துப்பூர்வமாகத் தெரிவிக்குமாறும் பணிவுடன் வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
வீட்டுக்கடன் பெற்ற குடிமகன்