பேட்டன் வாங்கிய அழகு

கண்ணம்மா,

நீ அனுப்பிய இரண்டு வீடியோவையும், ரிலே ஓட்டத்தையும் நாட்டியத்தையும், பார்த்துவிட்டேன். ஃபோனில் சொன்னால் "சரிம்மா, சரிம்மா" என்று வைத்துவிடுவாய், அதனால்தான் எழுதுகிறேன். தமிழில் இருப்பதால் மெதுவாகத்தான் படிப்பாய். படி.

4x400 மீட்டர் ரிலேயில் நீங்கள் மூன்றாவதாக வந்ததை உன் அப்பா டர்பனில் நம் சாட்ஸ்வொர்த் முழுக்கச் சொல்லி முடித்துவிட்டார். நான் சொல்ல வந்தது வேறு. உனக்கு முன்னால் ஓடிய பெண் கடைசி ஐம்பது மீட்டரில் காலை இழுத்துக்கொண்டு வந்தாள் இல்லையா, பக்கத்தில் நின்றவர்கள் எல்லாம் பாய்ந்து கிளம்ப, நீ மட்டும் தலையைத் திருப்பி அவளையே பார்த்துக்கொண்டு, கொஞ்சம் பொறுத்து, அப்புறம் இரண்டடி எடுத்து வைத்து அவள் கையிலிருந்து பேட்டனை, அந்தச் சின்னக் குழலை, நீயே வாங்கிக்கொண்டாய். இருபது மீட்டருக்குள் கைமாறியாக வேண்டும், நீ அவசரப்பட்டிருந்தால் பாவம், அவளால் எட்டியிருக்கவே முடியாது. என் கணக்கில் மெடல் அங்கேதான் கிடைத்தது.

உன் ஃப்ரீ ஸ்டேட் யுனிவர்சிட்டியில் படித்த வேய்ட் வான் நீக்கர்க் 2016இல் ரியோவில், எல்லாருக்கும் வெளியே, முன்னால் நின்று கிளம்பும் எட்டாவது லேனில், மற்றவர்கள் எங்கே வருகிறார்கள் என்றே தெரியாமல், 43.03 வினாடியில் 400 மீட்டர் ஓடி உலக சாதனை செய்தாரே, அப்போது அவருக்குக் கோச்சாக இருந்த அன்ஸ் போத்தாவுக்கு வயது 74, கொள்ளுப்பாட்டி. அதனால் என்னைப் பார்த்து "உங்களுக்கு இதெல்லாம் என்ன தெரியும்" என்று கேட்காதே.

நாட்டியத்துக்கு வருகிறேன். வர்ணம் என்கிற அந்த நீண்ட உருப்படி பாதி தாண்டினாலே நிறையப் பேருக்கு அரைமண்டி, அதாவது முழங்காலை மடித்துப் பாதி உட்கார்ந்த நிலை, மெல்ல மெல்ல மேலே ஏறிவிடும், கால் வலி பொறுக்காது. உனக்கு முதல் ஜதியில், அந்தச் சொற்கட்டுக்கு ஆடும் இடத்தில், எந்த மட்டத்தில் இருந்ததோ கடைசி ஜதியிலும் அதே மட்டம். ஓடி ஓடித் தேறிய தொடை! ஜதியை முடித்து வைக்கும் தீர்மானம் முடியும் முன்பே அங்கே உள்ளவர்கள் கை தட்டிவிட்டார்கள் (அவர்களுக்குத் தாளம் தெரியாது, விடு), நீ அசராமல் சரியாகச் சமத்தில், தாளம் தொடங்கும் இடத்தில், வந்து விழுந்தாய். கண்தான் சில இடத்தில் கையைப் பின்தொடரவில்லை, அதை மட்டும் பார்த்துக்கொள்.

ஒன்று தெரிந்துகொள். உன் தாத்தா டர்பனிலிருந்து ஜோஹானஸ்பர்குக்கு லாரி ஓட்டிய காலத்தில் ஃப்ரீ ஸ்டேட் மாகாணத்து ஹாரிஸ்மித் வழியாகத்தான் போவார், ஆனால் அந்த மாகாணத்தில் அவர் ஒரு அறை வாடகைக்கு எடுத்துக் குடியிருக்க முடியாது. இந்தியர்கள் அங்கே குடியிருக்கக் கூடாது என்று 1891இல் போட்ட சட்டம், எண்பதுகளில்தான் போனது. அதே ஃப்ரீ ஸ்டேட்டின் ப்ளூம்ஃபொன்டைனில், அந்த யுனிவர்சிட்டி பெயர் எழுதிய பனியனைப் போட்டுக்கொண்டு அவர் பேத்தி ஓடுகிறாள். அதனால் "விளையாட்டும் டான்ஸும் சும்மா பொழுதுபோக்குதானே, படிப்பைப் பார்க்கச் சொல்லு" என்று அத்தை கேட்டபோது நான் நன்றாகவே பதில் சொல்லிவிட்டேன்.

லீவுக்கு வரும்போது ரிலேயில் ஓடிய மற்ற மூன்று பேரையும் டர்பனுக்குக் கூட்டிவா. யார் யார் மட்டன் சாப்பிடுவார்கள் என்று முன்னாலேயே சொல், பருப்புப் போட்டு பிரியாணி செய்கிறேன்.

அம்மா