ஒரு நாள் கூத்துக்கு

புரசைவாக்கம், சென்னை

அன்புள்ள யாழினிக்கு,

ஞாயிற்றுக்கிழமை நீ போனில் சொன்னது மனதை விட்டுப் போகவே இல்லை. எட்டுப் பேர் வர வேண்டிய நாடக ஒத்திகைக்கு மூன்று பேர்தான் வந்தார்கள், அதிலும் ஒருவருக்குப் பாடம் வரவில்லை என்றாய். குரல் கம்மியிருந்தது. அப்புறம் நீயே, "விடுங்கப்பா, ஆபீஸ் போயிட்டு வந்து பண்றோம். ஒரு நாள் கூத்துக்கு யாராவது மீசையைச் சிரைப்பாங்களா?" என்று முடித்துவிட்டாய். அம்மா பக்கத்திலேயே இருந்ததால் உடனே பதில் சொல்ல வாய்க்கவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

நான் வேலை பார்த்த ஹைகோர்ட் வளாகத்தில் சிறுவழக்கு நீதிமன்றம் இருப்பது உனக்குத் தெரியும். சின்ன வயதில் என்னோடு அங்கே வந்திருக்கிறாய். 1924இல் அந்த நீதிமன்றத்துக்கு நீதிபதியாக வந்தவர் பம்மல் சம்பந்த முதலியார். பகலில் வழக்கு, சாயங்காலம் நாடகம். வக்கீலாக இருந்த காலம் முழுவதும் அப்படித்தான். அந்த வாழ்க்கைக்கு நடுவில் தொண்ணூறுக்கும் மேற்பட்ட நாடகங்கள் எழுதியிருக்கிறார். நீ சின்னப் பிள்ளையாக டிவியில் பார்த்துவிட்டு, துப்பட்டாவைக் கையில் சுற்றிக்கொண்டு சங்கிலியை இழுப்பதுபோல் கூடத்தில் ஆடினாயே, அந்த 'மனோகரா' அவருடைய நாடகம்தான். நீ பார்த்தது 1954இல் வந்த சிவாஜி படம், அதற்கு வசனம் கலைஞர். 1936இலேயே ஒருமுறை அது படமாகியிருக்கிறது. அதில் ராஜாவாக நடித்தது முதலியாரேதான்.

அவர் 1873இல் பிறந்தவர். ஆச்சாரப்பன் தெருவில் வீடு. வேலையில் இருந்தபோது மதியச் சாப்பாடு முடிந்ததும் சில நாள் அந்தத் தெரு வழியாக நடந்து வருவேன். மூட்டை ஏற்றிய மீன்பாடி வண்டிகள் வழியை அடைத்துக்கொண்டு நிற்கும். எந்த வீடு என்று கண்டுபிடிக்க முடிந்ததில்லை. ஆனாலும் அங்கே போனால் நடை தானாக மெதுவாகிவிடும்.

பதினெட்டு வயது வரைக்கும் அவருக்குத் தமிழ் நாடகம் என்றாலே வெறுப்பாம். 'நாடக மேடை நினைவுகள்' புத்தகத்தில் இதை ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். அந்தக் காலத்தில் நடிகன் என்றால் கூத்தாடி. பெண் கொடுக்க மாட்டார்கள், குடியிருக்க வீடு தர மாட்டார்கள். 1891இல் பெல்லாரியிலிருந்து கிருஷ்ணமாச்சார்லு என்ற வக்கீல் தன் குழுவோடு சென்னைக்கு வந்து தெலுங்கில் நாடகம் போட்டார். படித்தவர்கள், உத்தியோகத்தில் இருப்பவர்கள் மேடையேறி இவ்வளவு நன்றாக நடிக்க முடியுமா என்று இந்தப் பையனுக்குத் தூக்கம் போய்விட்டது. அதே வருஷம் ஜூலை முதல் தேதி நண்பர்களோடு சேர்ந்து சுகுண விலாச சபை என்ற நாடகக் குழுவை ஆரம்பித்துவிட்டார்.

சபையில் இருந்தவர்கள் வக்கீல்கள், குமாஸ்தாக்கள், மாணவர்கள். நடிப்பதற்குச் சம்பளம் கிடையாது. உன்னைப் போலவே வேலை முடிந்து வந்தவர்கள்தான் யாழினி, வேறு யார்? அப்போது மேடையில் விடிய விடியப் பாட்டுதான் நடக்கும். அதை அவர் வசனத்துக்குக் கொண்டுவந்தார், சில மணி நேரத்துக்குள் அடக்கினார். வசனம் என்றால் எல்லாரும் பாடத்தைத் தெரிந்துகொண்டு வர வேண்டும். பாட்டுக்காரன் மறந்தால் ஒரு ஆலாபனையில் சமாளித்துவிடலாம். வசனக்காரன் மறந்தால் எதிரில் நிற்பவனும் சேர்ந்து விழுவான்.

பெண் வேடமும் ஆண்கள்தான் போட்டார்கள். முதலியாரோடு பல வருஷம் ஸ்த்ரீபார்ட் நடித்தவர் ரங்கவடிவேலு. அந்த நட்பைப் பற்றிப் புத்தகத்தில் வரும் இடங்களை மட்டும் நான் திரும்பத் திரும்பப் படித்திருக்கிறேன். ரங்கவடிவேலு இறந்துபோன பிறகு முதலியார் எழுதும் வரிகளில் ஒரு கை உடைந்த மாதிரி ஒரு வலி இருக்கும். கூட நடிப்பவரை இத்தனை மதித்த ஒருவரை நான் வேறெங்கும் படித்ததில்லை.

மீசைப் பழமொழியைச் சொன்னாயே, அதைக் கேலிக்குத்தான் சொல்லி வைத்திருக்கிறார்கள். ஆனால் ஒரு ராத்திரி மேடைக்காக மீசையை எடுத்துவிட்டு மறுநாள் காலையில் நாலு பேர் முகத்தில் விழிக்கத் துணிந்தவர்கள் இருந்ததால்தான் கூத்தாடி என்ற சொல்லின் முனை கொஞ்சமாவது மழுங்கியது. 1959இல் முதலியாருக்குப் பத்மபூஷண் கொடுத்தார்கள்.

அவரை மட்டும் தூக்கிப் பேசினால் நியாயமில்லை. அதே காலத்தில் தெற்கே நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் இருந்தார். 1918இல் மதுரையில் சிறுவர்களைச் சேர்த்துப் பால சபை நடத்தியவர். பின்னால் சொந்தமாக நாடகக் குழு நடத்திய டி.கே.எஸ். சகோதரர்கள் அங்கிருந்து வந்தவர்கள். என்னைக் கேட்டால், ஜனங்களின் நாக்கில் தங்கியது சுவாமிகளின் பாட்டுதான். முதலியாரின் வசனம் இன்றைக்குப் படிக்கும்போது பல இடத்தில் கனமாக இருக்கிறது. சுவாமிகள் வழியில் இன்றைக்கும் தென் மாவட்டத் திருவிழாக்களில் ஸ்பெஷல் நாடகம் நடக்கிறதே, அதற்கு ஒத்திகையே கிடையாது. கதாநாயக வேடம் போடும் ராஜபார்ட் ஒரு ஊரிலிருந்து வருவார், ஸ்த்ரீபார்ட் இன்னொரு ஊரிலிருந்து வருவார். மேடையில்தான் பார்த்துக்கொள்வார்கள். முழு 'வள்ளி திருமணமும்' இருவர் தொண்டையிலும் இருக்கும், விடியும் வரை தர்க்கம் செய்வார்கள். ஒத்திகை வேண்டாம் என்று சொல்ல அவர்களுக்கு உரிமை உண்டு. உங்கள் குழுவில் பாடம் வராதவருக்கு அந்த உரிமை இல்லை, கண்ணு.

போன தடவை உன்னை ரயிலேற்றிவிட்டு சென்ட்ரலுக்கு வெளியே வந்தபோது மழை தூறிக்கொண்டிருந்தது. ரிப்பன் மாளிகைக்குப் பக்கத்தில் விக்டோரியா பப்ளிக் ஹால், அந்தச் சிவப்புக் கட்டடம். சபை பல வருஷம் நாடகம் போட்ட இடம். எத்தனையோ தடவை பஸ்ஸில் கடந்து போயிருக்கிறேன், அன்றைக்குத்தான் நின்று பார்த்தேன். உள்ளே மைக் கிடையாது அப்போது. கடைசி வரிசையில் இருப்பவனுக்கும் கேட்க வேண்டுமென்றால் வயிற்றிலிருந்து பேசியாக வேண்டும். உன் குரல் மெல்லியது. அதனால் சொல்கிறேன், பாடத்தைக் கதவைச் சாத்திக்கொண்டு முணுமுணுக்காதே. மொட்டை மாடிக்குப் போய் எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டிக்குச் சொல்வதுபோல் சொல்லிப் பார்.

வந்த மூன்று பேரை விட்டுவிடாதே. இந்த வாரமும் மூன்று பேர்தான் வந்தார்கள் என்றால் மூன்று பேர் இருக்கும் சீனை மட்டும் பத்துத் தடவை செய்யுங்கள். சொன்ன நேரத்துக்கு ஆரம்பித்துவிடு, யாருக்காகவும் காத்திருக்காதே. தாமதமாக வருபவர், தான் இல்லாமலே நாடகம் நடந்துகொண்டிருப்பதை வாசலில் நின்று பார்க்கட்டும்.

'நாடக மேடை நினைவுகள்' முதல் பாகத்தைக் கூரியரில் அனுப்பியிருக்கிறேன். பென்சிலில் கோடு போட்டது நான்தான், அழிக்காதே. அம்மா பருப்புப் பொடியும் வைத்திருக்கிறாள், டப்பா உடையாமல் வந்ததா என்று சொல். பொங்கலுக்கு நாங்கள் இரண்டு பேரும் புனே வருகிறோம், டிக்கெட் போட்டாயிற்று. எனக்குக் கடைசி வரிசையில் இடம் பிடித்து வை. அங்கே கேட்கிறதா என்று நான் பார்க்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை ஒத்திகை முடிந்ததும் போன் பண்ணு. எத்தனை பேர் வந்தார்கள் என்று சொல்.

அன்புடன்,
அப்பா