வெப்ப வரைபடத்தின் கீழே கணக்கையும் ஒரு வரி போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோடை தொடங்கினாலே சென்னை, மதுரை, கோவை என்று ஊர் ஊராகச் சிவப்பும் மஞ்சளும் பூசிய வெப்ப வரைபடங்கள் நாளிதழ்களில் வருகின்றன. வரட்டும், மக்கள் பார்க்க வேண்டிய விஷயம்தான். ஆனால் செயற்கைக்கோள் தந்த எண்ணை எந்தக் கணக்குப் போட்டு டிகிரியாக்கினார்கள் என்று படத்தின் கீழே யாரும் எழுதுவதில்லை. இந்த வேலையை மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறவன் நான், அதனால்தான் எழுதுகிறேன்.

லேண்ட்சாட் 8, 9 செயற்கைக்கோள்களின் தரை வெப்பத் தரவை இறக்கித் திறந்தால், அது சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரித்த ஒரு படம், 'ராஸ்டர்' என்போம்; ஒவ்வொரு கட்டத்திலும் 46,000, 48,000 என்று இருக்கும். அது டிகிரி இல்லை. தசமத்தில் வைத்தால் கோப்பு பெருத்துவிடும் என்று முழு எண்ணாக மாற்றி வைத்திருக்கிறார்கள். 0.00341802 ஆல் பெருக்கி 149 கூட்டினால் கெல்வின் வரும், அதில் 273.15 கழித்தால் செல்சியஸ். 48,000 என்றால் கிட்டத்தட்ட 40 டிகிரி. இந்த ஒரே சூத்திரத்தை ராஸ்டர் படத்தின் லட்சக்கணக்கான கட்டங்களுக்கும் ஒரே தடவையில் போடுவதைத்தான் மேப் அல்ஜீப்ரா என்கிறோம். க்யூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில், இந்தக் கணக்கைப் போடும் 'ராஸ்டர் கால்குலேட்டர்' என்ற கருவியைத் திறந்து ஒரு வரி எழுதினால் போதும்.

அந்த ஒரு வரியில்தான் ஆபத்தும் இருக்கிறது. தரவு இல்லாத கட்டத்துக்கு லேண்ட்சாட்டில் 0 என்று போட்டிருப்பார்கள், படத்தை வெட்டி ஒட்டும்போது "0 என்றால் தரவு இல்லை" என்ற குறிப்பு சில சமயம் விட்டுப்போகும், அப்புறம் சூத்திரம் அந்த 0-ஐயும் பெருக்கிக் கூட்டி மைனஸ் 124 டிகிரி என்று தந்துவிடும். நகரத்தின் சராசரி இறங்கிவிடும், வண்ண அளவு மைனஸ் 124-இல் தொடங்குவதால் ஊர் முழுக்க ஒரே சிவப்பாகத் தெரியும். கணக்கு சரியாக வந்தாலும் இன்னொன்று உண்டு. அந்த 40 டிகிரி, செயற்கைக்கோள் கடக்கும் காலை 10 மணிவாக்கில் தகரக் கூரையும் தார்ச்சாலையும் இருந்த சூடு. நுங்கம்பாக்கம் வானிலை நிலையத்தில் அளக்கும் காற்றின் வெப்பநிலை வேறு. இரண்டையும் ஒரே செய்தியில் கலந்து எழுதினால் படிக்கிறவர் குழம்பத்தான் செய்வார்.

நானே ஒரு முறை தப்பு செய்திருக்கிறேன். நீலகிரிச் சரிவுகளில் மண் அரிப்பைக் கணக்கிட, இதே மாதிரி கட்டம் கட்டமாகக் கணக்குப் போடும் இன்வெஸ்ட் என்ற மென்பொருளில் வேலை செய்துகொண்டிருந்தோம். மண் எவ்வளவு எளிதில் கரையும் என்பதற்கான 'கே' மதிப்பு எங்களிடம் அமெரிக்க அலகில் இருந்தது, அதை 0.1317 ஆல் பெருக்கிவிட்டுத்தான் உள்ளே கொடுக்க வேண்டும், நான் பெருக்கவில்லை. மென்பொருள் எந்த எச்சரிக்கையும் தரவில்லை. எல்லாக் கட்டங்களும் ஒரே விகிதத்தில், சுமார் 7.6 மடங்கு ஏறியிருந்ததால் எங்கே அதிக அரிப்பு, எங்கே குறைவு என்ற வடிவம் அப்படியே இருந்தது, படம் பார்க்க அழகாகவும் இருந்தது. கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்கவே முடியாது. "ஒரு ஹெக்டேரிலிருந்து வருஷத்துக்கு இத்தனை டன் மண்ணா போகும், சார்?" என்று ஒரு மாணவி கேட்ட பிறகுதான் உட்கார்ந்து தேடினேன். அவர் கேட்காமல் விட்டிருந்தால் அந்த எண் அறிக்கையில் ஏறியிருக்கும், அதை நம்பி யாராவது தடுப்பணைக்குத் திட்டம் போட்டிருக்கவும் கூடும்.

அதனால் உங்களிடம் கேட்பது சின்ன விஷயம்தான். இனி இப்படி ஒரு படம் போடும்போது எந்தச் செயற்கைக்கோள், எந்தத் தேதி, என்ன சூத்திரம், தரையின் சூடா காற்றின் சூடா என்பதைக் கீழே பொடி எழுத்திலாவது போடுங்கள். படம் தருகிறவர்களிடம் இதைக் கேட்டால் ஒரு நிமிஷத்தில் சொல்லிவிடுவார்கள். சொல்லத் தயங்கினால் அந்தப் படத்தை அன்றைக்கு நிறுத்திவையுங்கள். இதைப் படிக்கும் மாணவர்கள், ராஸ்டர் கால்குலேட்டரில் ஓகே அழுத்துவதற்கு முன்னால் ஏதாவது ஒரு கட்டத்தின் எண்ணை எடுத்துக் கைப்பேசியில் கணக்குப் போட்டுப் பாருங்கள், பிறகு விடைப் படத்தில் அதே கட்டத்தைச் சொடுக்கி இரண்டும் ஒன்றா என்று சரிபாருங்கள்.

இப்படிக்கு,
ஒரு கல்லூரி ஆசிரியர், கோவை